எலெக்டிவ் ஃபார்மில் டிக் அடிப்பதற்கு முன்: மாணவர்கள் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும்

அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பெற்ற பொறியியல் கல்லூரி ஒன்றில், கம்ப்யூட்டர் சயின்ஸ் துறையில் பாடம் நடத்துகிறேன். ஒன்பது வருடமாகக் கிளாஸ் அட்வைசர் பொறுப்பும் என்னிடம்தான். நாலாவது செமஸ்டர் முடியும் சமயத்தில் எலெக்டிவ் ஃபார்ம், அதாவது நாமே தேர்ந்தெடுக்கும் விருப்பப் பாடங்களுக்கான படிவம், வகுப்புக்கு வரும். அன்று மாலை ஸ்டாஃப் ரூம் வாசலில் ஒரு கூட்டம் நிற்கும். வருடா வருடம் முகங்கள் மாறுகின்றன, கேள்விகள் ஏறக்குறைய அதேதான். அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இங்கே வரும் எண்ணிக்கைகள் ரெகுலேஷன் 2021 என்ற பல்கலைக்கழக விதித்தொகுப்பின் கீழ் உள்ள பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடத்திட்டத்தைச் சேர்ந்தவை. தன்னாட்சிக் கல்லூரியில் படிப்பவர்களும், வேறு ரெகுலேஷனில் வருபவர்களும் உங்கள் பாடத்திட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

மொத்தம் எத்தனை எலெக்டிவ் மேம்? எப்போ எப்போ வரும்?

ப்ரொஃபஷனல் எலெக்டிவ், அதாவது நம் துறைப் பாடம், ஆறு. ஐந்தாம் செமஸ்டரில் இரண்டு, ஆறாம் செமஸ்டரில் நாலு. ஓப்பன் எலெக்டிவ், அதாவது வேறு துறைப் பாடம், நாலு. ஆறாவதில் ஒன்று, ஏழாவதில் மூன்று. ஏழாவதில் மேலாண்மைப் பாடம் ஒன்றையும் பட்டியலிலிருந்து எடுக்க வேண்டும். இவை போக மேண்டட்டரி கோர்ஸ் இரண்டு இருக்கின்றன. அவற்றுக்குக் கிரெடிட் கிடையாது, ஆனால் முடிக்காமல் டிகிரியும் கிடையாது.

ஃபார்ம் நாளைக்குக் கொடுக்கணும். எங்கிருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல.

பாடப் பட்டியலை ஓரமாக வையுங்கள். ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, உங்கள் வாரத்தை எழுதுங்கள். நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது இதைத்தான். எந்தப் பாடம் நல்ல பாடம் என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் கையில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று தெரிய வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மாணவி வந்தாள். உத்திரமேரூர் பக்கத்திலிருந்து காலேஜ் பஸ்ஸில் வருகிறவள். போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். என் மேசையில் உட்கார்ந்து இருவருமாக எழுதினோம். வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் ஏழு மணி நேரம் என்றால் 49 போனது. கல்லூரி, நாளைக்கு எட்டு மணி நேரமாக ஐந்து நாளுக்கு 40. பஸ் 15. குளியல், சாப்பாடு, வீட்டு வேலை நாளைக்கு மூன்று என்று 21. மிச்சம் 43. "அடேயப்பா, இவ்வளவு இருக்கா!" என்று சந்தோஷப்பட்டாள்.

பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவின் தையல் கடையில் கூட இருக்க வேண்டும். சனிக்கிழமைகளில் பிளேஸ்மென்ட் பயிற்சி வைத்துவிடுகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, "பஸ்ல இருந்து இறங்கினதும் ஒரு மணி நேரத்துக்குத் தலையே ஓடாது மேம்" என்றாள். அடித்து அடித்துக் கடைசியில் தாளில் நின்ற எண் 20.

அந்த இருபதை ஐந்தாம் செமஸ்டரின் கட்டாயப் பாடங்களுக்குப் பிரித்தோம். கம்பைலர் டிசைனுக்கு நாலு, கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸுக்கு மூன்று, கிரிப்டோகிராஃபிக்கு மூன்று, டிஸ்ட்ரிபியூட்டட் கம்ப்யூட்டிங்குக்கு இரண்டு. ரெக்கார்டு, அசைன்மென்ட் எழுத மூன்று. ஆக 15. மிச்சம் இருந்த ஐந்து மணி நேரத்தில்தான் இரண்டு எலெக்டிவும் அடங்க வேண்டும்.

அவள் ஃபார்மில் டீப் லேர்னிங், கம்ப்யூட்டர் விஷன் இரண்டையும் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். இரண்டும் கணக்கும் கோடிங்கும் கேட்கும் பாடங்கள். ஐந்து மணி நேரத்தில் இரண்டையும் நிறைவாகப் படிக்க முடியாது என்று அவளே சொல்லிவிட்டு, விஷனை அடித்து சாஃப்ட்வேர் டெஸ்டிங் எழுதினாள். "ஆசைப்பட்டது ஒண்ணாவது உருப்படியா இருக்கட்டும்" என்றாள். அந்தத் தாளை மடித்து ஐடி கார்டு உறைக்குள் வைத்துக்கொண்டது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஹாஸ்டலில் இருப்பவர்களுக்குப் பஸ் நேரம் மிச்சம். ஆனால் ஹாஸ்டலில் இரவு ஒன்பதிலிருந்து பதினொன்று வரை உண்மையில் என்ன நடக்கிறது என்பதையும் அதே தாளில் நேர்மையாக எழுதுங்கள்.

ஆறாவது செமஸ்டரைப் பத்தி எல்லாரும் ஏன் இப்படிப் பயமுறுத்துறாங்க?

பயமுறுத்தவில்லை, எண்ணிப் பார்த்துச் சொல்கிறார்கள். ஆப்ஜெக்ட் ஓரியன்டட் சாஃப்ட்வேர் இன்ஜினியரிங், எம்பெடட் சிஸ்டம்ஸ் அண்ட் ஐஓடி என்று கட்டாயப் பாடம் இரண்டு, நாலு ப்ரொஃபஷனல் எலெக்டிவ், ஒரு ஓப்பன் எலெக்டிவ். ஆக ஏழு பல்கலைக்கழகத் தேர்வுகள். மேண்டட்டரி கோர்ஸ் தனி. கட்டாயப் பாடம் இரண்டிலும் லேப் சேர்ந்தே வருகிறது. ப்ரொஃபஷனல் எலெக்டிவ்களிலும் பெரும்பாலானவை லேப் உள்ளவை. நாலையும் அப்படி எடுத்தால் ஒரே செமஸ்டரில் ஆறு ரெக்கார்டு நோட்டு. நான் முதல்வன் திட்டத்தின் கோர்ஸ் ஒன்றும் டைம்டேபிளில் இருக்கும். பிளேஸ்மென்ட் பயிற்சியும் அப்போதுதான் சூடுபிடிக்கும்.

ஆகவே ஐந்தாம் செமஸ்டர் ஃபார்மை நிரப்பும்போதே ஆறாவதையும் சேர்த்துப் பாருங்கள். உங்களுக்கு மிகவும் பிடித்த, நிறைய உழைப்புக் கேட்கும் பாடம் ஒன்று இருந்தால், அது ஐந்தாவதில் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஐந்தாவதில் இரண்டு எலெக்டிவ்தான், மூச்சுவிட இடம் உண்டு. "இப்போ ஈஸியா ஒண்ணு எடுத்துக்கலாம், கஷ்டமானதை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று தள்ளியவர்கள்தான் மார்ச் மாதம் என் முன்னால் கண்கலங்கி நின்றவர்கள்.

ஆறாவதின் நாலில், உழைப்புப் பாடம் அதிகபட்சம் இரண்டு. இது என் கருத்து. வகுப்பில் முதல் ஐந்து இடத்தில் வருபவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன்.

சிலபஸைப் பார்த்தா எல்லாமே ஒரே மாதிரி தெரியுது. அதுல எதைப் படிக்கணும்?

தலைப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தலைப்புக்குப் பக்கத்தில் நாலு எண் இருக்கும், அங்கே ஆரம்பியுங்கள். '3 0 0 3' என்றால் வாரத்துக்கு மூன்று பீரியட் பாடம், டுடோரியல் இல்லை, லேப் இல்லை, மூன்று கிரெடிட். '2 0 2 3' என்றால் இரண்டு பீரியட் பாடம், இரண்டு பீரியட் லேப், அதே மூன்று கிரெடிட். கிரெடிட் ஒன்றுதான் என்றாலும் இரண்டாவது பாடம் வாரத்தில் நாலு பீரியட் எடுக்கிறது, ரெக்கார்டு எழுதச் சொல்கிறது, செய்முறைத் தேர்வும் வைக்கிறது. மதிப்பெண்ணும் வேறு மாதிரி பிரியும். லேப் இல்லாத பாடத்தில் கல்லூரி போடும் இன்டர்னலுக்கு 40, பல்கலைக்கழகத் தேர்வான எக்ஸ்டர்னலுக்கு 60. லேப் சேர்ந்த பாடத்தில் 50, 50. லேப்பில் வாராவாரம் ஒழுங்காகச் செய்பவருக்கு இது லாபம். கடைசி வாரத்தில் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுபவருக்கு நஷ்டம்.

அடுத்தது, சிலபஸின் அடியில் இருக்கும் லேப் பயிற்சிப் பட்டியல். பெரும்பாலான மாணவர்கள் அதுவரை கண்ணை இறக்குவதே இல்லை. கிளவுட் கம்ப்யூட்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். விர்ச்சுவல்பாக்ஸ் மாதிரி ஒன்றைப் போட்டு அதற்குள் லினக்ஸ் ஏற்ற வேண்டும், ஹடூப் நிறுவ வேண்டும், டாக்கர் கன்டெய்னர் ஓட்ட வேண்டும். 4 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் விர்ச்சுவல் மெஷினைத் திறந்தால் மவுஸ் நகரவே அரை நிமிடம் ஆகும். கல்லூரி லேப் நேரத்துக்குள் முடியாததை வீட்டில் முடிக்கலாம் என்ற திட்டம் அங்கேயே உடைந்துவிடும். டீப் லேர்னிங் பெயரைக் கேட்டால்தான் பயம். அதன் பயிற்சிகளைக் கூகுள் கோலாபில், பிரவுசரிலேயே இலவசமாக ஓட்டலாம். சுமாரான லேப்டாப் போதும், இணையம் இருந்தால் சரி. சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் செலினியம் வைத்து ஒரு இணையதளத்தைச் சோதிக்க வேண்டும். அது நடுத்தரம். உங்கள் லேப்டாப்பில் எது ஓடும் என்று ஒரு கணம் யோசித்துவிட்டு டிக் அடியுங்கள்.

மூன்றாவது, இந்தப் பாடம் எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள். டீப் லேர்னிங் முதலாம் ஆண்டின் மேட்ரிக்ஸ், டெரிவேட்டிவ் மேல் நிற்கிறது. அதை மறந்தவர்கள் இரண்டாவது யூனிட்டில் மாட்டுவார்கள். எதிக்கல் ஹேக்கிங்குக்கு நெட்வொர்க்ஸ் அடிப்படை வேண்டும். நெட்வொர்க்ஸையும் ஹேக்கிங்கையும் ஒரே செமஸ்டரில் வைத்தால், பாதி செமஸ்டர் வரை ஐபி முகவரி புரியாமலே ஹேக்கிங் வகுப்பில் உட்கார்ந்திருப்பீர்கள்.

கடைசியாக, பழைய கேள்வித்தாள் ஒன்று. பத்து இரண்டு மார்க், ஐந்து பதின்மூன்று மார்க், ஒரு பதினைந்து மார்க். அந்தப் பதின்மூன்று மார்க் கேள்விகளை மட்டும் வாசியுங்கள். அவை கணக்கா, படமா, கட்டுரையா என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த வகை உங்களுக்குக் கைவரும் என்பது உங்களுக்கே தெரியும்.

நான் தமிழ் மீடியத்துல படிச்சு வந்தவன். தியரி பேப்பர் எடுத்தா ஈஸின்னு சொல்றாங்களே?

தயவுசெய்து அதைக் கேட்காதீர்கள். இந்த ஒரு அறிவுரையால் நல்ல பிள்ளைகள் பலர் அரியர் வைத்ததைப் பார்த்திருக்கிறேன். நானும் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழில் படித்தவள்தான்.

எனக்கு அரியர் விழுந்தது ஒரே ஒரு பாடத்தில். அது கணக்கே இல்லாத, கதை மாதிரி இருக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு எலெக்டிவ். பாடம் புரிந்திருந்தது. ஆனால் பதின்மூன்று மார்க்குக்கு ஆங்கிலத்தில் மூன்றரைப் பக்கம் எழுத வேண்டும், அப்படி ஐந்து கேள்வி. ஒரு பக்கத்தில் எனக்குத் தெரிந்த வாக்கியமெல்லாம் தீர்ந்துவிட்டது. அதே செமஸ்டரில், எல்லோரும் நடுங்கிய கணக்குப் பேப்பரில் 80-க்கு மேல் வாங்கினேன். அங்கே எழுத வேண்டியது படிகள்தான், ஆங்கிலம் கொஞ்சமே.

ஆகவே, கணக்கில் கை ஓடும் தமிழ் மீடியம் மாணவர்களுக்கு என் யோசனை: ப்ராப்ளம், அல்காரிதம், படம் உள்ள பாடங்களை எடுங்கள். ஓப்பன் எலெக்டிவ் பட்டியலில் கிராஃப் தியரி இருந்தால் தைரியமாகப் பாருங்கள். கட்டுரைப் பாடம் ஒன்று தவிர்க்க முடியாமல் வந்துவிட்டால், முதல் வாரத்திலிருந்தே ஒரு யூனிட்டுக்கு இரண்டு பதிலாவது ஆங்கிலத்தில் எழுதிப் பழகுங்கள். மனப்பாடம் செய்ததை எழுதுவது வேறு, புரிந்ததை நீங்களே எழுதிப் பார்ப்பது வேறு. என்னிடம் கொண்டுவாருங்கள், திருத்தித் தருகிறேன். உங்கள் கல்லூரியிலும் திருத்தித் தர ஒருவராவது இருப்பார், கூச்சப்படாமல் கேளுங்கள்.

எது ஈஸி பேப்பர்? சீனியர் ஒரு லிஸ்ட் கொடுத்திருக்காரு.

சீனியரிடம் கேட்பது நல்லதுதான். "ஈஸியா?" என்று மட்டும் கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு வரும் பதிலால் பயனில்லை. "வாரத்துக்கு எத்தனை மணி நேரம் போச்சு? லேப்புல எந்த எக்ஸர்சைஸ் படுத்துச்சு? யார் எடுத்தாங்க?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். போன வருடம் எளிதாகத் தோன்றிய பாடம், அதை எடுத்த ஆசிரியர் தெளிவாக நடத்தியதால் அப்படித் தோன்றியிருக்கலாம். இந்த வருடம் அவரே எடுக்கிறாரா என்று துறையில் விசாரியுங்கள். விசாரிப்பதில் தவறே இல்லை. நாங்கள் மனம் புண்பட மாட்டோம்.

ஈஸி பேப்பர் எடுத்தாதானே சிஜிபிஏ ஏறும்?

பென்சிலை எடுங்கள், கணக்குப் போடுவோம். ஜிபிஏ ஒரு செமஸ்டரின் சராசரிப் புள்ளி, சிஜிபிஏ எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த சராசரி. உழைப்புப் பாடத்தில் பி ப்ளஸ், அதாவது 7 புள்ளி வாங்குகிறீர்கள். எளிய பாடத்தில் ஏ ப்ளஸ், 9 புள்ளி வாங்கியிருப்பீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 2. மூன்று கிரெடிட் பாடம், ஆக 6. ஒரு செமஸ்டருக்கு 23 கிரெடிட் என்றால் அந்த செமஸ்டர் ஜிபிஏவில் 0.26 குறையும். ஆனால் நாலு வருடத்துக்குமாகச் சேர்த்து 160 கிரெடிட்டுக்கு மேல் வருகிறது. சிஜிபிஏவில் குறைவது 0.04 கூட இல்லை.

பிடித்த பாடத்தை விடுவதற்கு 0.04 ஒரு காரணமே ஆகாது. பயப்பட வேண்டியது அரியருக்கு. வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனங்கள் பலவும் "நிலுவை அரியர் இருக்கக் கூடாது" என்று முதல் வரியிலேயே போடுகின்றன. 8.5-க்கு மேல் சிஜிபிஏ வைத்திருந்தாலும், ஒரு பாடத்தை இரண்டாம் முறை எழுதித் தேறினால் டிஸ்டிங்ஷன் போய்விடும். 7 வாங்குவோமா 9 வாங்குவோமா என்ற கவலையை விடுங்கள். 'இந்த வாரக் கணக்கில் இதை நிச்சயம் பாஸ் பண்ண முடியுமா' என்ற கேள்விக்கு மட்டும் பதில் தேடுங்கள்.

ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் வேற பேப்பர் எடுக்குறாங்க. நான் மட்டும் தனியா...

சேர்ந்து படிப்பது பெரிய பலம்தான், மறுக்கவில்லை. அசைன்மென்ட் தேதியை ஞாபகப்படுத்தவும், விட்ட வகுப்பின் நோட்ஸ் கொடுக்கவும் ஒருவர் வேண்டும். ஒருவர் போதும். எட்டுப் பேர் கூட்டமாகப் போய் ஒரே பாடத்தில் உட்கார வேண்டியதில்லை. நாலு எலெக்டிவில் இரண்டை நண்பர்களோடும் இரண்டை உங்கள் விருப்பப்படியும் எடுத்தவர்கள் நிறைய உண்டு, நட்பு கெட்டுப்போனதாக யாரும் சொல்லவில்லை.

எங்க காலேஜ்ல சாய்ஸே கிடையாது. டிபார்ட்மென்ட்டே ஒண்ணை முடிவு பண்ணிடுது.

இதுதான் உண்மை நிலவரம் என்று ஒப்புக்கொள்கிறேன். பாடத்திட்டத்தில் டேட்டா சயின்ஸ், ஃபுல் ஸ்டாக், கிளவுட், சைபர் செக்யூரிட்டி, கிரியேட்டிவ் மீடியா என்று வரிசை வரிசையாக வெர்டிகல்கள், அதாவது ஒரே பிரிவைச் சேர்ந்த எலெக்டிவ்களின் தொகுப்புகள், இருக்கும். ஆனால் நடத்த ஆள் வேண்டும், லேப்பில் இடம் வேண்டும், ஒரு வகுப்பு நடக்கிற அளவுக்குப் பிள்ளைகள் சேர வேண்டும். கடைசியில் இரண்டு மூன்று பாடங்கள்தான் திறக்கப்படும். பல இடங்களில் ஒன்றே ஒன்றுதான்.

ஆனால் அந்த முடிவு எடுக்கப்படுவதற்கு முன்னால் இரண்டு மூன்று வாரம் இருக்கிறது. அப்போது 25 பேர் கையெழுத்திட்டு, "இந்தப் பாடம் வேண்டும், இன்ன காரணம்" என்று துறைத் தலைவரிடம் (எச்ஓடி) ஒரு கடிதம் கொடுத்தால், அது மேசையில் கிடக்காது. எங்கள் துறையில் ஒரு வருடம் அப்படி வந்த கடிதத்தால்தான் யுஐ யுஎக்ஸ் டிசைன் திறந்தார்கள். வகுப்புப் பிரதிநிதி (சிஆர்) மூலமாகப் போங்கள், மரியாதையாக எழுதுங்கள், பாடத்தின் குறியீட்டு எண்ணையும் போடுங்கள். ஃபார்ம் கையில் வந்த பிறகு கேட்டால் நேரம் கடந்திருக்கும்.

ஒரே வெர்டிகல்ல ஆறும் எடுக்கணுமா, கலந்து எடுக்கலாமா?

இரண்டுக்கும் இடமுண்டு. ஒரு விதியை மட்டும் கவனியுங்கள். பட்டியலில் பாடங்கள் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரே செமஸ்டரில், குறுக்கே ஒரே வரிசையில் உள்ள இரண்டு பாடங்களை எடுக்க முடியாது. ஒன்றை ஐந்தாவதிலும் மற்றொன்றை ஆறாவதிலும் எடுக்கலாம். ஃபார்ம் திரும்பி வருவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

என்ன வேலைக்குப் போகப் போகிறோம் என்று தெளிவாகத் தெரிந்தவர்கள் ஒரே வெர்டிகலில் போகலாம். பத்தொன்பது வயதில் அது எத்தனை பேருக்குத் தெரியும்? தெரியாதவர்கள் ஐந்தாவதில் இரண்டு வெவ்வேறு வெர்டிகலில் ஒவ்வொன்று எடுத்துப் பாருங்கள். எது பிடித்ததோ அதிலிருந்து ஆறாவதில் இரண்டு எடுங்கள். ஹானர்ஸ், மைனர் என்று கூடுதலாக 18 கிரெடிட் எடுக்கும் வழியும் இருக்கிறது. தினமும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் போகிறவர்களுக்கு அதை நான் சொல்வதில்லை.

ஒரு எலெக்டிவுக்குப் பதிலா என்பிடெல் பண்ணினா சுமை குறையுமா?

என்பிடெல் என்பது ஐஐடிகள் நடத்தும் ஆன்லைன் கோர்ஸ். அதை எடுத்தால் டைம்டேபிளில் சுமை குறையும். வாரத்தில் குறையாது. பன்னிரண்டு வாரக் கோர்ஸ்தான் மூன்று கிரெடிட்டுக்குச் சமம். வாராவாரம் வீடியோ, வாராவாரம் அசைன்மென்ட், தேதி தவறினால் சமர்ப்பிக்க முடியாது. பன்னிரண்டு அசைன்மென்ட்டில் சிறந்த எட்டின் சராசரிக்கு 25 மதிப்பெண், தேர்வு மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. அசைன்மென்ட்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30 என்று இரண்டிலும் தனித்தனியாக எட்ட வேண்டும். தேர்வுக் கட்டணம் தனி.

இதில் நன்றாக வருபவர்கள் யார் என்று கவனித்திருக்கிறேன். யாரும் சொல்லாமலே புதன்கிழமைக்குள் அசைன்மென்ட்டை முடித்துவிடும் பிள்ளைகள். அவர்களுக்கு இது அருமையான வழி. ஐஐடி பேராசிரியரின் பாடத்தை வீட்டிலிருந்தே கேட்கலாம், ஆறாம் செமஸ்டரில் ஒரு தேர்வும் குறையும். மற்றவர்கள் ஒன்பதாவது வாரத்தில்தான் லாகின் பாஸ்வேர்டைத் தேடுவார்கள். நீங்கள் எந்த வகை என்பதை, இதற்கு முன் சேர்ந்த ஆன்லைன் கோர்ஸை முடித்தீர்களா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. கிரெடிட்டாக மாற்ற வேண்டும் என்றால், சேர்வதற்கு முன்பே எந்தக் கோர்ஸுக்கு ஒப்புதல் உண்டு என்று துறையில் எழுத்தில் வாங்குங்கள். சான்றிதழ் வந்த பிறகு அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், வேதனையாக இருக்கும்.

எனக்கு ஏற்கெனவே ரெண்டு அரியர் இருக்கு. எலெக்டிவ் எப்படி எடுக்கிறது?

அந்த இரண்டையும் இந்த செமஸ்டரின் பாடங்களாகவே நினைத்து வாரத் தாளில் முதலில் எழுதுங்கள். நவம்பர், டிசம்பர் தேர்வில் அவையும் சேர்ந்தே வரும். தேர்வு அட்டவணையில் இன்று ரெகுலர், நாளை அரியர் என்று அடுத்தடுத்த நாளில்கூட விழும். அரியருக்கு வாரத்துக்கு நாலு மணி நேரம் ஒதுக்கிய பிறகு என்ன மிஞ்சுகிறதோ, அதற்குள் அடங்குகிற எலெக்டிவை எடுங்கள். இந்த ஒரு செமஸ்டர் மட்டும் ஆசையைத் தள்ளிவைக்கலாம்.

எலெக்டிவிலேயே அரியர் விழுந்துவிட்டால் ஒரு வழி இருக்கிறது. கட்டாயப் பாடம் போல அதையே எழுதித் தீர வேண்டும் என்பதில்லை. பின்னால் வரும் செமஸ்டரில் அதற்குப் பதிலாக வேறு எலெக்டிவைப் பதிவு செய்யவும் விதி இடம் தருகிறது. பலருக்கு இது தெரிவதே இல்லை. ஆனால் புதிய பாடம் என்றால் வகுப்பு, இன்டர்னல் எல்லாம் முதலிலிருந்து. பழையதில் சில மதிப்பெண்ணில்தான் தவறியது என்றால் அதையே மறுபடி எழுதுவது நல்லது.

கேட் எழுதப் போறேன். அதுக்கு உதவுற எலெக்டிவ் எது?

கேட் என்பது முதுநிலைப் பொறியியல் சேர்க்கைக்கான தேர்வு. அதன் கம்ப்யூட்டர் சயின்ஸ் தாளில் 100-க்கு 15 பொது அறிவுத்திறன், 13 கணிதம், மீதி 72 பாடப் பகுதி. அந்த 72 ஆப்பரேட்டிங் சிஸ்டம், டேட்டாபேஸ், நெட்வொர்க்ஸ், கம்பைலர் என்று நீங்கள் கட்டாயமாகப் படிக்கிற பாடங்களிலேயே இருக்கிறது. எலெக்டிவில் தேட வேண்டியதில்லை. ஆகவே கேட் எழுதுபவர்கள் நேரம் மிச்சமாகிற எலெக்டிவை எடுத்து, மிச்ச நேரத்தைக் கட்டாயப் பாடங்களில் போடுங்கள். 2024 முதல் டேட்டா சயின்ஸ் அண்ட் ஏஐ என்று தனித் தாள் வந்திருக்கிறது. அதை எழுத நினைப்பவர்களுக்கு மட்டும் டேட்டா சயின்ஸ் வெர்டிகல் நேரடியாகக் கைகொடுக்கும்.

ஓப்பன் எலெக்டிவை எப்படிப் பார்க்கிறது?

வேறு துறையின் பாடம். பெரும்பாலும் லேப் இருக்காது. ஏழாவதில் மூன்று சேர்ந்து வரும், அப்போது பிளேஸ்மென்ட்டும் உச்சத்தில் இருக்கும், நேர்முகத் தேர்வுக்காக வகுப்புகள் தவறும். அதனால் ஒவ்வொரு வகுப்பும் முந்தைய வகுப்பின் மேல் கட்டப்படுகிற பாடத்தைத் தவிர்த்து, தனித்தனி யூனிட்டாகப் பிரித்துப் படிக்க முடிகிற பாடத்தைப் பாருங்கள். போட்டித் தேர்வு எழுதப் போகிறவர்களுக்கு, போட்டித் தேர்வுக்கான ஆங்கிலம் என்ற பாடம் பட்டியலில் உண்டு. புதுப்பிக்கத்தக்க ஆற்றல் பற்றிய பாடத்தை விரும்பி எடுத்த என் மாணவன் ஒருவன், தன் ஊரில் சோலார் பம்ப் போட்ட வயலுக்குப் போய்ப் படம் எடுத்து வந்து அசைன்மென்ட் எழுதினான். அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

சாயங்காலம் வேலைக்குப் போறேன். வருகைப்பதிவும் பிரச்சினையா இருக்கு.

இதைச் சொல்லத் தயங்காதீர்கள், யாராவது ஒரு ஆசிரியரிடமாவது முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். 75 சதவீதம் வருகை கட்டாயம். மருத்துவக் காரணம் போன்றவற்றுக்கு 65 வரை விலக்கு கேட்கலாம், அதற்குக் கீழே போனால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டிவரும். உங்களைப் போன்றவர்களுக்கு லேப் உள்ள பாடம் உண்மையில் நல்லது. வேலை வகுப்பு நேரத்திலேயே முடிந்துவிடும், இன்டர்னல் 50-இல் லேப்புக்கான பங்கு அங்கேயே சேர்ந்துவிடும். அப்சர்வேஷன் நோட்டில் அன்றன்றே கையெழுத்து வாங்கி, ரெக்கார்டை அந்த வாரமே எழுதிவிடுங்கள். குரூப் ப்ராஜெக்ட் கேட்கும் பாடத்தைத் தவிருங்கள். குழு கூடுவது எப்போதும் மாலையில்தான்.

எடுத்து ரெண்டு வாரம் ஆச்சு. தப்பான பேப்பர்னு தோணுது. மாத்தலாமா?

முதலில் இன்றைக்கே அட்வைசரிடம் வாருங்கள். பெயர்ப் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போகும் வரை, துறைக்குள் மாற்றிக்கொள்ளச் சில நாட்கள் இருக்கும். இன்னொரு பாடத்தில் இடம் இருந்தால் ஒரு கடிதத்தில் முடிந்துவிடும். வரும்போது வாரத் தாளையும், மாற விரும்பும் பாடத்தின் சிலபஸையும் கொண்டுவாருங்கள். "பிடிக்கல" என்று மட்டும் சொன்னால் எச்ஓடியிடம் உங்களுக்காகப் பேச எனக்கு ஒன்றும் இருக்காது.

பட்டியல் போய்விட்டது என்றால், முதல் இன்டர்னலுக்குள் முதல் இரண்டு யூனிட்டை மட்டும் முழுதாகப் பிடியுங்கள். பாஸாகத் தேர்வில் குறைந்தது 45 சதவீதம், இன்டர்னலும் சேர்ந்த மொத்தத்தில் 50 வேண்டும். ஐந்து யூனிட்டில் மூன்று உறுதியாகத் தெரிந்து, மற்ற இரண்டில் இரண்டு மார்க் கேள்விகள் தெரிந்தால் கரை சேரலாம். எந்த மூன்று யூனிட் என்று முடிவு செய்யப் பழைய கேள்வித்தாள்களோடு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம். மதிய இடைவேளையில் பன்னிரண்டே முக்காலுக்கு மேல் ஸ்டாஃப் ரூமில் இருப்பேன்.